நான் கட்டிய இடக்கைப் புரதம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் எல்லாம் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நேரம். இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டினாற்போல் இருக்கிற எங்கள் தமிழ்ப் பாடசாலையில் நடந்தது இது. பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் பெயரையும் கண்டுபிடித்துவிடுவீர்கள். பிறகு அடுத்த திருவிழாவுக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்?

என் தொழில் பந்தலும் மின்விளக்கு அலங்காரமும். கோயில் திருவிழாவில் வாசலுக்கு மேலே பல்புகளாலேயே அம்மன் சிரிப்பாள் அல்லவா, அந்தச் சிரிப்பு என் கைவேலை. வெசாக் வந்தால் அட்டன் பக்கத்து விகாரைகளுக்கும் நான்தான் பந்தல் போடுவேன். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, தேர்தல் மேடை, எதைக் கேட்டாலும் முடியாது என்று சொன்ன வழக்கமே கிடையாது. கேட்டவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் எப்படிச் செய்வது என்று யோசிக்கத் தொடங்குவேன்.

அப்படி இருக்கையில் பாடசாலையின் விஞ்ஞான டீச்சர் ஒரு நாள் கடைக்கு வந்தார்.

“அண்ணே, உங்களால ஒரு புரதம் கட்ட முடியுமா?”

“எத்தனை அடி டீச்சர்?” என்று கேட்டேன்.

புரதம் என்றால் எனக்குத் தெரிந்தது பருப்பும் முட்டையும்தான். ஆனாலும் அளவு கேட்டுவிட்டால் தொழில் தெரிந்தவன் மாதிரி இருக்கும்.

டீச்சர் உட்கார்ந்து விளக்கினார். எங்கள் பாடசாலையில் அடுத்த கட்டமான உயர்தர வகுப்புக்குக் கலைப்பிரிவு மட்டும்தான் உண்டு. விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை விடியுமுன் எழுந்து, பஸ் பிடித்து, வேறு ஊர்ப் பாடசாலைக்குப் போக வேண்டும். அங்கே இடம் கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. அதனால் நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளைகள்கூட “சரி, இருக்கிறதைப் படிப்போம்” என்று கலைப்பிரிவில் உட்கார்ந்துவிடுவார்கள். எங்களுக்கும் விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்று பாடசாலை அதிபரும் டீச்சரும் கேட்டுக் கேட்டு, கடைசியில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வரும் நாளில் விஞ்ஞானக் கண்காட்சி. அவர் மனசு வைத்தால் வகுப்பு, இல்லையென்றால் இல்லை.

என் மகளும் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தவர்களில் ஒருத்தி. உயிரியல்தான் படிப்பேன் என்று வீட்டில் கொடி பிடித்திருந்தாள். அவளுடைய அம்மாவோ, இருட்டில் பஸ்ஸுக்கு அனுப்ப மாட்டேன் என்று எதிர்க்கொடி. ஆக, அந்த வகுப்பு வருமா வராதா என்பது என் வீட்டுக்குள் நடக்கிற சண்டையும்தான்.

“அது என்ன புரதம் டீச்சர்?” என்றேன்.

“நம்ம உடம்புல ஒரு உயிர்க்கலம் ரெண்டாப் பிரியணும்னா உத்தரவு போடுற புரதம் அண்ணே. கைனேஸ்னு சொல்லுவாங்க. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல கங்காணி பேர் சொன்னாத்தானே ஆள் வேலைக்கு மலை ஏறுது? அது மாதிரி, இது போய் ஒரு பொஸ்பேற்றை ஒட்டிவிட்டாத்தான் மத்த புரதங்க வேலைக்கு இறங்கும்.”

“கங்காணி நிறுத்தாம ஆள அனுப்பிக்கிட்டே இருந்தா?”

“அதான் புற்றுநோய்.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சர் பையிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்து விரித்தார். அந்தப் புரதத்தைக் கண்ணால் பார்க்க முடியாதாம். கற்கண்டு வளர்ப்பது மாதிரி அதைப் பளிங்காக வளர்த்து, எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறி விழுகிற புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு உருவத்தைக் கண்டுபிடிப்பார்களாம். படத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டில் பிள்ளைகள் கையில் அகப்பட்ட ரிப்பன் சுருள் மாதிரி இருந்தது. மேலே சின்ன மடல், அதில் தட்டையான பட்டிகள். கீழே பெரிய மடல், அதில் ஸ்பிரிங் மாதிரி சுருள்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய். அந்த வாய்க்குள்தான் பொஸ்பேற்றுத் தருகிற சரக்கு வந்து உட்காருமாம். வாயை மறித்துக்கொண்டு ஒரு வளையம். சைக்கிளின் என்கிற வேறொரு புரதம் வந்து ஒட்டினால்தான் அந்த வளையம் விலகும்.

“வாய்க்குள்ள பல்பு வச்சிரலாம் டீச்சர். சைக்கிளின் வந்து ஒட்டின உடனே வளையம் விலகி பல்பு எரியும்.”

டீச்சரின் கண்கள் அந்தப் பல்பு மாதிரியே எரிந்தன. அப்புறம் மெதுவாக இன்னொன்றைச் சொன்னார். கண்காட்சியைத் திறந்துவைக்க ஒரு பெண் வருகிறார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவர். வெளிநாட்டில் இதே கைனேஸ் குடும்பத்துப் புரதங்களின் பளிங்குக் கட்டமைப்பைத்தான் ஆராய்கிறார். விடுமுறைக்கு அப்பா அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறார்.

“வரட்டும் டீச்சர். அசந்து போவாங்க” என்றேன்.

அந்த ஒரு வார்த்தை மட்டும் பலித்தது.

பாடசாலை மண்டபத்திலேயே வேலை தொடங்கியது. உதவிக்கு என் மனைவியின் தம்பி, என் தொழில் கூட்டாளி. அதிகம் பேசமாட்டான். பேசினால் நமக்கு வேண்டாததைத்தான் பேசுவான். இரும்புச் சட்டம் கட்டி, தகரத்தைப் பட்டையாக வெட்டி, குழாயில் சுற்றிச் சுருளாக்கி, சிவப்பும் மஞ்சளும் அடித்து, ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டுப் பொருத்தினோம். ஒன்றரை ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. சைக்கிளினுக்குச் சக்கரம் வைத்தோம். தள்ளிக்கொண்டு வந்து ஒட்டினால் ‘டக்’ என்று வளையம் விலகி, வாய்க்குள் நீல பல்பு எரிந்தது. அதிபர் பார்த்துவிட்டுக் கைதட்டினார். நான் அடக்கமாக இருப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பல்பு அம்மனைச் செய்யும்போது நாங்கள் பலகையின் பின்பக்கம் நின்றுதான் வேலை செய்வோம். வயர் எல்லாம் பின்னால்தானே ஓடும்? ஆகவே படத்தைக் கவிழ்த்துப் போட்டுத்தான் கோடு எடுப்போம். அப்போதுதான் முன்னால் நிற்கிறவருக்கு அம்மனின் சூலம் சரியான கையில் தெரியும். இத்தனை வருடப் பழக்கத்தில், படம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தாலே என் கை அதைக் கவிழ்த்துவிடும்.

டீச்சர் கொடுத்த படத்தையும் கவிழ்த்துவிட்டது.

பலகை என்றால் பரவாயில்லை. இது நாலு பக்கமும் சுற்றிவந்து பார்க்கிற பொருள். படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டு, முன்னால் இருப்பதை முன்னாலேயே வைத்துக் கட்டியிருக்கிறேன். அப்படிக் கட்டினால் வருவது கண்ணாடியில் தெரிகிற உருவம். எனக்கு அது உறைக்கவே இல்லை. அழகாக இருந்தது, பல்பு எரிந்தது, அதிபர் கைதட்டினார். வேறென்ன வேண்டும்?

கண்காட்சிக்கு முந்தைய நாள் மத்தியானம். நான் ஏணி மேல் நின்று வயர் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே என் மகள் மறுநாள் பேசப்போகிற விளக்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் இந்த மாதிரியைப் பற்றிப் பேசப்போகிறவள்.

“புரதங்களில் உள்ள இந்தச் சுருள்கள் வலக்கைச் சுருள்கள். வலது கைப் பெருவிரலை நீட்டி மற்ற விரல்களை மடக்கினால், விரல்கள் வளைகிற பக்கமாகவே சுற்றிக்கொண்டு பெருவிரல் காட்டும் திசையில் ஏறும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பகுதியைப் படிக்க வெளியே போனாள்.

எனக்குப் பொழுது போகவில்லை. ஏணியில் நின்றபடியே வலது பெருவிரலை நீட்டி, முன்னால் இருந்த சுருளோடு வைத்துப் பார்த்தேன். விரல் ஒரு பக்கம் போனது, தகரம் இன்னொரு பக்கம் போனது. சரி, இந்த ஒன்று மட்டும் கோளாறு என்று அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். இடது கையை வைத்துப் பார்த்தேன். கையுறை மாட்டினது மாதிரி எல்லாச் சுருளும் பொருந்தின.

“என்ன மச்சான், மேல நின்னு யாருக்குக் கட்டைவிரல் காட்டுறீங்க?” என்றான் கீழிருந்து மச்சினன்.

“மாப்ள, ஏணியப் புடி. எனக்குத் தலை சுத்துது.”

“எந்தப் பக்கம் சுத்துது?”

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு யோசனை. இருவரும் மூச்சுமுட்ட அந்தப் பெரிய சாமானைப் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பினோம். பெருவிரலை வைத்துப் பார்த்தேன். இடக்கை. அப்படியானால் தலைகீழாகக் கவிழ்ப்போம் என்றேன். சட்டத்தை அவிழ்த்து, கயிறு போட்டு, புரதத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். மறுபடியும் பெருவிரல். மறுபடியும் இடக்கை.

மச்சினன் சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தான். நிமிர்த்திக் காட்டினான். தலைகீழாக்கிக் காட்டினான்.

“இழை மாறுச்சா மச்சான்?”

“இல்ல.”

“மாறாது. நீங்க உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டாலும் மாறாது. பிரிச்சுத்தான் கட்டணும்.”

பிரித்துக் கட்ட ஒரு வாரம் வேண்டும். மறுநாள் காலை கண்காட்சி. புரதத்தை மறுபடி நிமிர்த்தி நிறுத்திவிட்டு நான் வெளியே வந்தேன். என் மூளை அன்றைக்குப் போட்ட திட்டங்களைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று படுத்துவிடுவது. ஃபியூஸைப் பிடுங்கி மண்டபத்தை இருட்டாக்குவது. புரதம் இன்னும் ரயிலில் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்வது. அதை மண்டபத்திலேயே கட்டினதை ஊரே பார்த்திருந்தது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது. டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்வது என்கிற திட்டம் மட்டும் வரவில்லை. அவர் அதிகாரி உட்காருகிற கதிரைக்குத் துணி தேடி ஓடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மெயின் ரோட்டில் கால் போன போக்கில் நடந்து, தெரிந்தவனுடைய சலூனுக்குள் போய் உட்கார்ந்தேன். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் பேயறைந்த மாதிரி ஒரு மூஞ்சி. என்னுடையதுதான். அந்த மூஞ்சிக்குப் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கத்து மருந்துக்கடையின் பெயர்ப்பலகை. எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

நான் துள்ளி எழுந்த வேகத்தில் சலூன்காரன் கத்தியை நழுவவிட்டான்.

“இந்தக் கண்ணாடியக் கழட்டு. நாளைக்கு ஒரு நாள் மட்டும்.”

“வெளயாடுறீங்களா? நாளைக்கு வர்றவங்க எதப் பாத்து முடி வெட்டிக்குவாங்க?”

“நீ வெட்டுறதப் பாக்காம இருக்கறதுதான் அவங்களுக்கு நல்லது. கழட்டுப்பா, பிள்ளைங்க படிப்பு விஷயம்.”

படிப்பு என்றதும் அவன் கண்ணாடியைக் கழற்றத் தொடங்கினான். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு மரியாதை. அதை அன்றைக்கு நான் கொஞ்சம் தப்பாகப் பயன்படுத்திக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் தயார். மாதிரியை மண்டபத்து மூலையில் ஒரு திரைக்குப் பின்னால் தள்ளினேன். எதிர்ச்சுவரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். நடுவே கயிறு கட்டி, பார்வையாளர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கும்படி செய்தேன். இங்கே நின்றால் கண்ணாடியில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குப் படும். கண்ணாடிக்குள் என் புரதம் அச்சு அசலாக வலக்கைப் புரதம். ஒரே ஒரு சிக்கல், அதில் ஒட்டியிருந்த பெயர்கள் கண்ணாடியில் திரும்பித் தெரிந்தன. அது எனக்கு ஒரு சிக்கலா? பலகைக்குப் பின்னால் நின்றே கோயில் பெயரெல்லாம் எழுதுகிறவன் நான். எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதி ஒட்டினேன். கண்ணாடியில் ‘சுருள்’, ‘வாய்’, ‘வளையம்’ என்று தெளிவாகத் தெரிந்தது.

இது என்ன கண்ணாடி என்று டீச்சர் கேட்டபோது, “பெருசாக் காட்டும் டீச்சர், புது மாதிரி அலங்காரம்” என்றேன். அவர் நம்பினார்.

மகளை ஏமாற்ற முடியவில்லை. காலையில் சைக்கிளினைத் தள்ளிப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போனவள் அப்படியே நின்றாள்.

“அப்பா, ஏன் எழுத்தெல்லாம் திருப்பி எழுதியிருக்கீங்க?”

“கண்ணாடிக்காக, பாப்பா.”

அவள் வலது கையை எடுத்தாள். ஒரு சுருளைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“டீச்சருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“மாமாவுக்கு?”

“அவனுக்குத் தெரிஞ்சிருக்கறதுதான் எனக்குப் பயமே. நீ கண்ணாடியப் பாத்தே பேசிரு பாப்பா. யாரும் கிட்ட வராம நான் பாத்துக்குறேன்.”

அவள் சைக்கிளினை அதன் இடத்தில் தள்ளி நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள்: “வகுப்பு கிடைக்கலன்னா நான் நாளையில இருந்து உங்களோட பல்பு மாட்ட வந்துருவேன். பாத்துக்குங்க.”

அவள் வேடிக்கையாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி வந்தார். சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். உள்ளே வரும்போதே அதிபரிடம், “ஆய்வுகூடம் இல்ல, விஞ்ஞானத்துக்கு இருக்கிறது ஒரே ஒரு டீச்சர். எதை நம்பி சேர் இந்தப் பிரிவைக் கேக்கிறீங்க?” என்றார். அதிபர் கண்காட்சியைக் கையால் காட்டினார். கூடவே வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் சாதாரணமாக ஒரு பருத்திச் சேலையில், பிள்ளைகளோடு பேசிக்கொண்டே வந்தார். வெளிநாட்டுக்காரர் மாதிரியே இல்லை. பக்கத்துத் தோட்டத்து டீச்சர் மாதிரிதான் இருந்தார்.

எங்கள் மூலைக்கு வந்தார்கள். மகள் கண்ணாடியைக் காட்டி விளக்கினாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து மச்சினன் சைக்கிளினைத் தள்ளினான். ‘டக்.’ வளையம் விலகியது. நீல பல்பு எரிந்தது. அதிகாரியின் ஒரு புருவம் மேலே ஏறியது. எனக்கு உயிர் வந்தது. தப்பித்துவிட்டேன் என்று எல்லா அம்மனுக்கும் நன்றி சொன்னேன்.

அந்தப் பெண் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத்தனை வருஷமா இதோட பழகுறேன். இவ்வளவு பெருசா நேர்ல பாத்ததே இல்ல. கிட்டப் போய்ப் பாக்கலாமா?”

“கரண்டு மேடம்!” நான் பாய்ந்தேன். “கிட்டப் போனா அடிச்சிரும்!”

“பன்னெண்டு வோல்ட்டுதான் மேடம், ஒண்ணும் செய்யாது, வாங்க” என்று திரைக்குப் பின்னாலிருந்து என் அருமை மச்சினன் குரல் கொடுத்தான்.

அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கம் போய்விட்டார்.

மண்டபம் முழுக்கச் சனம் இருந்தும் எனக்கு அவருடைய செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. திரைக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். நின்றார். திரையின் ஓரத்துக்கு மேலே ஒரு கை எழுந்தது. வலது கை. பெருவிரல் நீட்டியிருந்தது. நான் அப்போது எங்கே ஒளியலாம் என்று பார்த்தேன். பக்கத்தில் இருந்தது ‘மழைநீரைச் சேகரிப்போம்’ என்று எழுதிய ஒரு பீப்பாய்தான். அதற்குள் நான் கொள்ள மாட்டேன்.

“இதக் கட்டினது யாரு?” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அதிபர், டீச்சர், என் மகள், முன்பின் தெரியாத ஒரு அம்மா உட்பட எல்லோரும் என்னைக் காட்டினார்கள். மச்சினன் தலையை நீட்டி, “நான் அப்பவே சொன்னேன் மேடம், கவுத்துப் போட்டாலும் இழை மாறாதுன்னு” என்றான்.

டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்தார். திருப்பி எழுதிய எழுத்துகளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் ஓடிய ஓட்டம் முடிந்துபோன மாதிரி கையை மட்டும் தொங்கவிட்டு நின்றார்.

அப்போது அந்தப் பெண் சிரித்தார். மரியாதைச் சிரிப்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அண்ணே, இதே தப்புல நானும் மாட்டியிருக்கேன். படிக்கிற காலத்துல, முதன்முதலா ஒரு புரதத்தோட உருவத்தக் கண்டுபிடிக்கப் போய். புள்ளிகள வச்சிக் கணக்குப் போட்டா, சில நேரம் கொம்பியூட்டர் ரெண்டு விடை குடுக்கும். ஒண்ணு நிஜம், இன்னொண்ணு அதோட கண்ணாடி உருவம். நான் கண்ணாடி உருவத்த வச்சிக்கிட்டு, எதுவுமே பொருந்தலயேன்னு உக்காந்து அழுதேன். சுருள் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நீங்க கண்ணாடி வாங்கி வச்சிருக்கீங்க. எனக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சு.”

பிறகு திரையைப் பிடித்து இழுத்தார். திரை விழுந்தது. இப்போது எல்லோருக்கும் இரண்டும் தெரிந்தன. இங்கே என் தகரப் புரதம், அங்கே கண்ணாடிக்குள் அதன் ஜோடி. அவர் என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இந்த ரெண்டுல எது உங்க உடம்புக்குள்ள இருக்கு?”

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“கண்ணாடிக்குள்ள இருக்கறதுதான் மேடம். எங்கப்பா கட்டினது எந்த உசிரோட உடம்புலயும் கிடையாது.”

சனம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. “எப்பிடிச் சொல்றீங்க மகள்?” என்றார்.

“கையக் குடுங்க சேர்” என்றாள் அவள். யாரிடம் பேசுகிறோம் என்பதையே மறந்துவிட்டாள் போல. “அந்தக் கை இல்ல, வலது கை. பெருவிரல நீட்டுங்க. இப்ப இந்தச் சுருளோட சேந்து சுத்துங்க.”

வலயக் கல்வி அலுவலகத்து அதிகாரி, கோட்டுப் போட்ட மனிதர், பெருவிரலை நீட்டிக்கொண்டு என் தகரத்தின் முன்னால் நின்று சுற்றினார். பொருந்தவில்லை. கண்ணாடியில் இருந்ததோடு சுற்றினார். பொருந்தியது. அவர் வாய் லேசாகத் திறந்தது.

“சரி. எந்தப் பக்கம் சுத்தினாத்தான் என்ன? அதுல என்ன நட்டம்?”

“புற்றுநோய்க்கு மருந்து செய்றவங்க, அந்த மருந்து இந்த வாய்க்குள்ள சரியா உக்கார்ற மாதிரித்தான் சேர் செய்வாங்க. உக்காந்துட்டா உத்தரவு போட முடியாது, கலம் பிரியிறது நிக்கும். எங்கப்பா கட்டினதப் பாத்து மருந்து செஞ்சா, இடது கால் செருப்ப வலது கால்ல மாட்டின மாதிரித்தான். நோயாளிக்கு ஒண்ணும் ஆகாது. நோய்க்கும் ஒண்ணும் ஆகாது.”

இதை அவள் மனப்பாடம் செய்த விளக்கத்தில் நான் கேட்டதே இல்லை. டீச்சரைப் பார்த்தேன். அவருக்கும் புதிது என்று முகத்திலேயே தெரிந்தது.

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிபரிடம் திரும்பி, “இந்தப் பிள்ளை எங்க போய்ப் படிக்கப் போகுது?” என்று கேட்டார்.

“அதத்தான் சேர் நாங்களும் உங்களக் கேக்கிறோம்” என்றார் அதிபர்.

அதிகாரி அந்த இடத்தை விட்டு நகர்ந்தபோதும் அவருடைய பெருவிரல் நீட்டியபடியே இருந்ததை நான் பார்த்தேன். மழைநீர்ப் பீப்பாயிடம் போய் நின்றுதான் மடக்கினார்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் என்னிடம் வந்தார்.

“ஏன் அண்ணே எனக்குச் சொல்லல?”

“பயம் டீச்சர்.”

“நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா, நானே திரைய எடுத்துட்டு ரெண்டையும் காட்டச் சொல்லியிருப்பேன்” என்றார். அப்போதுதான் நான் நிஜமாகவே வெட்கப்பட்டேன். ஒரு கண்ணாடியைக் கொண்டுவருகிற அளவுக்கு ஓடிய மூளை, ஒரு மனுஷியை நம்புகிற அளவுக்கு ஓடவில்லை.

சலூன்காரனிடம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு நாளில் வந்தவர்கள் எல்லாம் வழக்கத்தைவிடத் திருப்தியாகப் போனார்கள் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

அடுத்த உயர்தர வகுப்புத் தொடங்கியபோது எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவும் தொடங்கியது. இரசாயனவியலுக்குத் தலவாக்கலையிலிருந்து ஒருவர் வருகிறார். ஆய்வுகூடம் என்று சொல்வது பழைய களஞ்சிய அறையைத்தான், கூரை ஒழுகுகிறது, இன்னும் வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. ஆனால் என் மகள் விடிந்த பிறகு எழுந்து, நடந்தே பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய அம்மா கொடியை இறக்கிவிட்டாள்.

என் புரதமும் அந்த வகுப்பறை மூலையில்தான் நிற்கிறது. பிரித்துச் சரியாகக் கட்டித் தருகிறேன் என்று டீச்சரிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். உயர்தரத்துக்கு வருகிற பிள்ளைகளை முதல் நாள் அதன் முன்னால் நிறுத்தி, “இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்” என்றுதான் பாடத்தை ஆரம்பிக்கிறாராம். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்ததும் வகுப்பே சிரிக்குமாம்.

நான் சரியாகக் கட்டிய அம்மன்களும் பந்தல்களும் விழா முடிந்த மறுநாளே அவிழ்ந்து மூட்டைக்குள் போய்விடுகின்றன. தப்பாகக் கட்டிய இது ஒன்றுதான் நிலைத்து நிற்கிறது. அதைப் பார்த்து ‘இது தப்பு’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் வருடாவருடம் எங்கள் ஊரிலேயே உருவாகிறார்கள் என்று நினைக்கும்போது, இவ்வளவு பெருமையாக இதுவரை எதையும் கட்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.